வெள்ளரிக்காய்க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி: ஆரோக்கியப் பக்க ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

பத்திரிகைகளில் ஆரோக்கியப் பக்கம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

என் தங்கை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். அன்றன்று சாப்பிட்டதையெல்லாம் அதில் குறித்துக்கொள்வாள். இடப்பக்கம் உணவு, வலப்பக்கம் கலோரி. சென்ற மாதம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'வெள்ளரிக்காய்' என்ற வரிக்கு நேரே கழித்தல் குறி போட்டு 20 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். செலரி (பச்சையாகவே மெல்லும் ஒரு தண்டுக் காய்), முட்டைக்கோஸ், கிரேப்ஃப்ரூட் (திராட்சையல்ல, ஆரஞ்சு வகைப் புளிப்புப் பழம்) எல்லாவற்றுக்கும் அதே குறி. முந்தைய நாள் தின்ற கேக்கின் கணக்கை வெள்ளரிக்காயை வைத்தே பாதி தீர்த்திருந்தாள்! இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த தாளை நீட்டினாள். 'எதிர்மறை கலோரி உணவுகள்' என்பது தலைப்பு. செரிப்பதற்கு ஆகும் சக்தி இவற்றில் இருக்கும் சக்தியைவிட அதிகமாம். தின்னத் தின்ன உடம்பு இளைக்குமாம். அந்தத் தாளுக்காகத்தான் இந்த மடல்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாத மாணவனுக்கு அரை மதிப்பெண் குறைத்துப் பெயர் கெடுத்துக்கொண்டவன். எனவே உங்கள் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

செலரியையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பட்டியல்களில் முதலிடம் எப்போதும் அதற்குத்தான். 100 கிராம் செலரியில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர். அதிலிருந்து கிடைப்பது சுமார் 15 கிலோகலோரி (உணவுக் கணக்கில் வெறும் 'கலோரி' என்று எழுதுவது இதைத்தான்). செரிமானச் செலவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உணவின் வெப்ப விளைவு என்பார்கள். புரதத்தில் இருக்கும் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு அதைச் செரித்து உடம்பில் சேர்ப்பதற்கே போய்விடுகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு, கொழுப்புக்கு அதிகம் போனால் 3. கலந்து சாப்பிடும்போது சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு. செலரிக்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் புரதத்தின் உச்ச விகிதமான 30 விழுக்காட்டையே கொடுப்போம். 4.5 கிலோகலோரி ஆயிற்று.

மெல்வதற்கும் சக்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சூயிங்கம் மெல்பவர்களை வைத்து அமெரிக்காவில் அளந்து 1999இல் வெளியிட்டார்கள்: மணிக்கு 11 கிலோகலோரி. செலரியை ஐந்து நிமிடம் மென்றால் ஒரு கிலோகலோரிகூட முழுதாகத் தேறாது. இருந்தாலும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தின்றால்? 4 டிகிரியில் இருக்கும் 100 கிராமை உடம்பின் 37 டிகிரிக்குக் கொண்டுவர 3.3 கிலோகலோரி. உடம்பில் எப்படியும் உண்டாகி வெளியேறும் வெப்பமே இதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், அதையும் செலவிலேயே எழுதிவிடுகிறேன். மொத்தம் 8.8. வரவு 15. இவ்வளவு தாராளம் காட்டியும் ஆறு கிலோகலோரி கையில் மிஞ்சுகிறது.

நார்ச்சத்து செரிக்காது, அதனால் அதன் கலோரி உடம்பில் சேராது என்பது அந்தத் தாளில் இருந்த இன்னொரு வாதம். நம்முடைய நொதிகளால் அதைச் செரிக்க முடியாது என்பது சரி. ஆனால் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, அவற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. புளிக்கும் நார்ச்சத்துக்கு கிராமுக்கு 2 கிலோகலோரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தவிரவும், உணவு அட்டவணைகளில் நாம் பார்க்கும் எண்ணில் மலத்தோடும் சிறுநீரோடும் வீணாகும் பங்கு முன்பே கழிக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்துக்கொடுத்த வழி அது. அந்த 15ஐ எடுத்துவைத்துக்கொண்டு மறுபடியும் கழிப்பது ஒரே கடனை இரண்டு முறை வசூலிக்கும் வேலை.

இதை விலங்கிலும் சோதித்திருக்கிறார்கள். அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. தாவரமும் பூச்சியும் தின்னும் ஆஸ்திரேலியப் பல்லி ஒன்று இருக்கிறது, தாடை ஓரத்தில் தாடிபோல முட்கள் உள்ளது. அதற்குச் செலரி கொடுத்து, செரிமானச் செலவையும் எச்சத்தையும் அளந்தார்கள். செலரியின் சக்தியில் செரிமானத்துக்கு 33 விழுக்காடு, எச்சத்தில் 43 விழுக்காடு போக, 24 விழுக்காடு பல்லிக்கு லாபம். பல்லி வேறு, மனிதன் வேறுதான். ஆனாலும் பட்டியலில் முதலிடம் பிடித்த உணவே ஒரு பல்லியைக்கூட நஷ்டத்தில் தள்ளவில்லை.

அலகு என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். அதே தாளின் ஓரத்தில், கட்டம் கட்டிய ஒரு துணுக்கு: ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீர் குடித்தால் 37,000 கலோரி எரியுமாம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி. 1,000 கிராமுக்கும் 37 டிகிரிக்கும் 37,000. பெருக்கல் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. ஆனால் உணவுப் பொட்டலத்தில் 'கலோரி' என்று சொல்வது கிலோகலோரியை. உணவுக் கணக்கில் அது வெறும் 37. ஆயிரம் மடங்கு பிசகை எழுதியவரும் கவனிக்கவில்லை, பிழை திருத்தியவரும் கவனிக்கவில்லை. 37,000 என்பது உண்மையானால், நாளுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடும் ஒருவர் பதினெட்டு நாள் உண்டதை ஒரு லிட்டர் தண்ணீர் எரித்துவிடும். குளிர்ந்த நீர் குடிக்கும் எவரும் உயிரோடு இருக்க முடியாது.

இதைச் சொல்வதால் வெள்ளரிக்காய் மேல் எனக்குக் கோபம் என்று எண்ண வேண்டாம். எடை குறைக்க நினைப்பவருக்கு அது நல்ல துணை, காரணம்தான் வேறு. தண்ணீரும் நாரும் நிறைந்த உணவு குறைந்த கலோரியில் வயிற்றை நிறைக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த காய்கறி சாலட்டை நிறையச் சாப்பிட்ட பெண்கள், அந்தச் சாலட்டையும் சேர்த்தே, மொத்தத்தில் 12 விழுக்காடு குறைவாக உண்டார்கள். அதே அளவு சாலட்டில் கொழுப்பு மிகுந்த டிரெஸ்ஸிங்கும் சீஸும் சேர்த்துக் கொடுத்தபோது 17 விழுக்காடு கூடியது. நூறு கிராம் இலைதழையின் கலோரியை ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் எட்டு மடங்காகத் தாண்டிவிடும். இப்படிப் பயன்படும் செய்தி இருக்கும்போது மந்திரக் காய்களின் பட்டியல் எதற்கு?

கோபம் வருவது கிரேப்ஃப்ரூட் விஷயத்தில்தான். கொழுப்பைக் கரைக்கும் பழம் என்று 1930களிலிருந்தே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் குடல் சுவரில் சில மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. 1989இல் தற்செயலாக வெளிப்பட்ட செய்தி இது. இரத்த அழுத்த மருந்து ஒன்றோடு மது சேர்ந்தால் என்னவாகும் என்று பார்த்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டினுக்கும் இதே சிக்கல். எடை குறைக்க ஆசைப்பட்டு உங்கள் பக்கத்தைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா? என் தங்கையும் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவள்தான். அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அந்தத் தலைப்பை மீண்டும் போடாதீர்கள். கிரேப்ஃப்ரூட்டைப் பரிந்துரைக்கும் இடத்திலெல்லாம், மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கழித்தல் குறியோடு ஏதேனும் எண்ணை ஏற்கெனவே அச்சிட்டிருந்தால், அது யார் அளந்தது என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்

பி.கு.: நோட்டுப் புத்தகத்தில் உள்ள கழித்தல் குறிகளை அழிக்கச் சொன்னேன். அண்ணன் சொன்னால் ஆயிற்றா, அச்சில் வந்ததாயிற்றே என்கிறாள். திருத்தமும் அச்சில் வந்தால்தான் அழிப்பாளாம்.