அக்கா, ஏழெட்டு எவ்வளவு?

அன்புள்ள அக்கா,

இரண்டு வாரமாக உங்கள் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடாதவன் எழுதுகிறேன். "உயிரோட இருக்கியாடா" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன். கோபத்தில் இருந்தேன், அதுவும் உங்கள் மேல்.

பின்னே என்ன? அரை மாரத்தானை, அந்த 21 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தே தீருவேன் என்று மூன்று மாதமாக விடியற்காலை நாலரைக்கெல்லாம் உங்களோடும் நம்ம பேங்க்காரரோடும் ரோட்டில் நின்றவன் நான். பதினேழாவது கிலோமீட்டரில், முட்டுக்காடு பாலத்தின் மேல், கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 38 விநாடி வேகத்தில் போய்க்கொண்டிருந்தவனைப் பனியனைப் பிடித்து நிறுத்திவிட்டீர்கள். இன்னும் நாலு கிலோமீட்டர்தான். ஓட்டம் முடிகிற கானத்தூர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருந்தது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "ஏழெட்டு எவ்வளவுடா?"

"ஐம்பத்தாறு, விடுங்க" என்று சொன்னதாகத்தான் முந்தாநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பாடு சரியாகச் சொன்னவனைப் பிடித்து உட்கார வைத்தீர்களே என்பதுதான் என் ஆத்திரமே. முந்தாநாள் டீக்கடையில் பேங்க்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் முதலில் அறுபத்து நாலு என்றேனாம், மறுபடி கேட்டதும் யோசித்து யோசித்து அறுபத்து நாலேதான் என்று அடித்துச் சொன்னேனாம். அப்புறம் கோவளம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேனாம். கோவளம் தாண்டித் திரும்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது அக்கா. டீ தொண்டைக்குள் இறங்கவில்லை.

எனக்கு நினைவிருப்பதெல்லாம் வலது கன்னத்தில் அடித்த வெயிலும் கையில் ரோமம் சிலிர்த்து நின்றதும்தான். அந்த வேக்காட்டில் குளிர்கிறதே, நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன் பாருங்கள். வியர்வைகூட நிற்கவில்லை, ஷூவுக்குள் சளக் சளக்கென்று இருந்தது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று யாரோ சொன்னதை நம்பி இத்தனை நாள் ஓடியிருக்கிறேன். ஓடுகிறவனுக்குச் சூடு தலைக்கேறும்போது வியர்வை கொட்டிக்கொண்டேகூட இருக்குமாம், முதலில் தடுமாறுவது புத்திதான் என்று நீங்கள் லாங் ரன்னில் ஒருமுறை சொன்னது காதில் ஏறவே இல்லை.

அன்றைக்கு என் வாட்ச் காட்டியது 27 டிகிரிதான். ஆனால் ஈரம் நிரம்பிக் கிடக்கிற நம் ஊர்க் காற்றுக்கு வியர்வையை வாங்கிக்கொள்ள இடமே கிடையாது. ஆவியாகிற வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும், சொட்டுகிற வியர்வையால் ரோடுதான் நனையும். கடலோரம்தானே, காற்று வரும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், கடற்காற்று எழும்புவதற்குள் நாம் ஓடி முடித்து, பொங்கல் சாப்பிட்டு, தூங்கியே எழுந்திருப்போம். போதாததற்கு ஐந்து மணிக்கு விட வேண்டிய ஓட்டத்தை முப்பத்தைந்து நிமிஷம் தள்ளி விட்டார்கள். அதைத் திட்டி ஒரு தனிப் பதிவே எழுதலாம், விடுங்கள்.

தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. நாம் பழகியதெல்லாம் மார்கழி, தை, மாசி. கோலம் போடுகிறவர்கள் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிற மாதங்களில் பழகிய வேகத்தை மார்ச் கடைசியில் போய்க் கேட்டால் உடம்பு எங்கிருந்து தரும்? சூட்டுக்குப் பழக உடம்புக்குப் பத்துப் பதினாலு நாளாவது வேண்டும். ரத்தத்தில் நீர் கூடி, வியர்வை சீக்கிரம் சுரக்க ஆரம்பித்து, அதில் உப்பும் குறைய வேண்டும். இதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். நான் வாட்சில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு நேரமானது என்று ஸ்பிளிட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தின் மேல் தண்ணீர்க் கேனைத் தலையில் கவிழ்த்தது, வாலண்டியர் பையன் கொண்டுவந்த ஐஸை அக்குளில் வைத்து அழுத்தியது, நான் உங்களை ஏதோ மரியாதையில்லாமல் சொன்னது, எல்லாம் பேங்க்காரர் சொல்லித்தான் தெரியும். என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவர் சொல்ல மறுக்கிறார். மன்னித்துவிடுங்கள்.

அன்றைக்கு வேனில் திரும்பும்போது தோஹா கதை சொன்னீர்களே. 2019 உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானைச் சூட்டுக்குப் பயந்து நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் முன்னால் தொடங்கியும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை என்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்களுக்கும் மெடல் போச்சு, நீங்கள் குறிவைத்த 1:55 மணி நேரமும் போச்சு என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, ஏப்ரல் முழுக்க ஞாயிறு காலை நாலு மணிக்கு பெசன்ட் நகர், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு முன்னால். பேங்க்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். வாட்சை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன், வேகத்தை நீங்களே சொல்லுங்கள். உங்கள் நீலத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி