குதிரையின் தோளருகே நின்று

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்தையும் அண்ணி, குழந்தைகள் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் என்னைக் கடிந்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. "பிழைக்கப் போன இடத்தில் உனக்கு எதற்கம்மா ஊர் வம்பு? எவனோ தன் குதிரையை அடித்தால் நீ ஏன் குறுக்கே போய் நிற்கிறாய்?" என்று கேட்டீர்கள். இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் ஒழுங்கான பதில் சொல்ல முடியாமல் போயிற்று. இன்று எனக்கு விடுமுறை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். படித்த பிறகும் நான் செய்தது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பு, இங்கே குதிரை என்றால் பந்தயத் திடலிலும் அரண்மனை வாசலிலும்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். நான் வேலை பார்க்கும் இந்தச் சிறு நகரத்தில் அவற்றைத் தெருவிலேயே பார்க்கிறேன். வாரக் கடைசியில் இரண்டு சக்கர வண்டியில் மட்டக்குதிரையைப் பூட்டிக்கொண்டு இளைஞர்கள் சாலையில் வருகிறார்கள். ஊருக்கு வெளியே சாலையோரப் புல்தரையில் முளையடித்துக் கட்டிய குதிரைகள் மேய்கின்றன. குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தங்கள் பிள்ளையைப் போலத்தான் வளர்க்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். 2020 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் தோலுக்கடியில் அடையாளச் சில்லும் பொருத்தியிருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளில், கடவுச்சீட்டும் கையுமாக வந்து இறங்கிய எனக்கு அந்தப் பிராணியிடம் ஏதோ ஓர் உறவு ஏற்பட்டது போல இருந்தது.

முதல் சம்பவம் நான் வந்த இரண்டாம் ஆண்டில் நடந்தது. கடைத்தெருவை ஒட்டிய ஏற்றத்தில் ஓர் இளைஞன் நண்பர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தான். பழுப்பு நிற மட்டக்குதிரை. மழை பெய்து ஓய்ந்த தார்ச்சாலை. லாடம் வழுக்கி, அதன் முன்னங்கால் மடிந்து முழங்கால் தரையில் மோதியது. எப்படியோ எழுந்து நின்ற குதிரை அதற்கு மேல் நகர மறுத்தது. அவன் இறங்கி வந்து, சாட்டையைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் குதிரையின் முகத்தில் அடித்தான். நான் ஓடிப்போய், "நிறுத்து, நீயெல்லாம் ஒரு மனிதனா?" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. நாலைந்து பேர் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவனுடைய நண்பர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து போயிற்று. வண்டியில் ஏறிக் கடிவாள வாரை இரண்டு கைகளாலும் வெட்டி இழுத்தான். குதிரை வாயைப் பிளந்துகொண்டு தலையை மேலே தூக்கியது. கடிவாள இரும்பு பதிந்திருந்த வாயோரத்தில் நுரையோடு கலந்து இரத்தம் தெரிந்தது. அந்தக் காலோடேயே அதை விரட்டிக்கொண்டு போய்விட்டான். அடிபட்ட கால் தரையில் படும்போதெல்லாம் அதன் தலை மேலே எழும்பி இறங்கியதைத் திருப்பத்தில் வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபம் எனக்கு ஆறிவிட்டது, அண்ணா. அதற்கான அடியைக் குதிரை வாங்கிக்கொண்டது. அந்தக் குதிரையை அதன் பிறகு நான் பார்க்கவேயில்லை.

ஊர் எல்லையில் கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். விடுமுறை நாள்களில் அவருடைய லாயத்தைக் கூட்டிப் பெருக்க நான் போகத் தொடங்கியது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ அவனிடம் பேசினாயா, கூட்டத்திடம் பேசினாயா?" எனக்குப் பதில் வரவில்லை. குதிரையை அடிப்பவனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்த அவமானத்தை அவன் இறக்கி வைக்கக் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது குதிரைதான் என்றும், ஆகவே பேசுவதற்கு முன்னால் குதிரையைப் பார்க்கக் கற்றுக்கொள் என்றும் சொன்னார்.

பார்ப்பது என்பது எளிதான காரியமாக இல்லை. அடிபட்ட நாய் ஊளையிடும். குதிரை சத்தமே இல்லாமல் நிற்கும். வேட்டைக்கு இரையாகும் விலங்கு தன் பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் அதற்கே ஆபத்து என்பதால் வலியை உள்ளடக்கி நிற்பது அதன் பிறவிக் குணம். நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்கப் பழகிய எனக்கு, குதிரையின் முகத்துக்கும் அப்படி ஓர் அளவுகோல் இருப்பது வியப்பாக இருந்தது. 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த அளவுகோலில் ஆறு அடையாளங்கள் உண்டு: விறைத்துப் பின்னோக்கித் திரும்பிய காதுகள், இடுங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுகி எலும்பு துருத்தும் தசை, புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் முகவாயும், விரிந்து விறைத்த மூக்குத்துளை. குதிரையின் தோல் தடித்தது, சாட்டையடி அதற்கு உறைக்காது என்று பலர் சாதிப்பார்கள். 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்து, வலியை உணரும் மேல்தோலின் தடிமனிலும் அதிலுள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். கடிவாள இரும்பு அமரும் இடமோ முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லே இல்லாத ஈறு. எலும்பின் மேல் மெல்லிய சதை மட்டும் போர்த்திய இடம். வாரை வெட்டி இழுத்தால் என்ன நேரும் என்று அந்த அம்மையார் என் விரலை ஒரு கிழட்டுக் குதிரையின் வாய்க்குள் வைத்தே காட்டினார். அந்த ஈறு வழுவழுவென்று, வெதுவெதுப்பாக, குழந்தையின் ஈறு போலவே இருந்தது.

பிறகு நிற்கும் முறை. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகிலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. எனவே எதிரே பாய்ந்து மறிக்கக் கூடாது. பக்கவாட்டில், அதன் தோளுக்கு நேராக, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இதற்கு என்ன பெயர்?" என்பது. பெயரைச் சொல்லும்போது அவன் கட்டாயம் ஒருமுறை குதிரையைத் திரும்பிப் பார்ப்பான்.

இது பலித்ததை நான் சென்ற ஜூலையில் கண்டேன். கடும் வெயில். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒரு சாம்பல் நிறக் குதிரையை வெகுதூரம் ஓட்டிவந்து மரத்தடியில் நிறுத்தியிருந்தார். அதன் விலா துருத்தி போல விம்மித் தணிந்துகொண்டிருந்தது. ஓய்வில் நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறைதான் மூச்சு விடும். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கால் நிமிடம் எண்ணினேன், 20 வந்தது; அதாவது நிமிடத்துக்கு 80. கையில் வாளி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, குதிரை முகத்தை நீட்டும்போதெல்லாம் அவர் அதன் மூக்கில் ஓங்கித் தட்டினார். பார்த்தவுடன் எனக்குப் பழைய கோபம் மூண்டது. அடக்கிக்கொண்டு பெயரைக் கேட்டேன். சொன்னார். நான் செவிலியர் என்றும், அதன் மூச்சை எண்ணிப் பார்த்ததாகவும் சொன்னேன். சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொண்டு செத்துப்போகும் என்று தம் தந்தை சொல்லியிருப்பதாக அவர் பதில் சொன்னார். அந்த மனிதர் குதிரையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதை அடித்துக்கொண்டிருந்தார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்காக நடந்த ஆய்வுகளிலேயே, வெப்பத்தில் ஓடிவந்த குதிரைமீது குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றினால் உடல் சூடு தணியுமே தவிர கேடு வராது என்று தெளிவாகிவிட்டது. குடிக்கக் கொடுப்பதிலும் தவறில்லை. இதை லாயத்தில் கற்றபடியே சொன்னேன். அரைமனதாக வாளியைக் கீழே வைத்தார். அது குடித்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பக்கத்துக் கடையிலிருந்து இருவருமாகத் தண்ணீர் சுமந்து வந்து அதன் கழுத்திலும் தொடையிலும் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் மூச்சு பாதிக்கும் கீழே இறங்கிற்று. (லண்டனில் சாலையோரமாகக் கருங்கல் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டிக் குதிரைகளும் சந்தைக்கு வரும் மாடுகளும் குடிப்பதற்காக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சங்கம் வைக்கத் தொடங்கியவை. இப்போது பலவற்றில் பூச்செடி வளர்க்கிறார்கள்.)

"அயல்நாட்டுப் பெண் நீ, உனக்கு என்ன உரிமை?" என்றும் கேட்டீர்கள். இந்த நாட்டிலேயே அந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுந்து அடங்கிவிட்டது. 1821-இல் குதிரைகளைக் காக்க ஒரு மசோதா வந்தபோது, கழுதையையும் சேர்க்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு நாடாளுமன்றம் சிரித்ததாம். மறு ஆண்டே ரிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்துக்காரர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. குதிரையையோ மாட்டையோ கொடுமையாக அடித்தால் ஐந்து பவுண்டு வரை அபராதம். சட்டம் போட்டதோடு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தாமே தெருவிலும் சந்தையிலும் நடந்து, அடித்தவர்களை நீதிபதி முன் கொண்டுபோய் நிறுத்தினார். தண்டிக்கப்பட்ட ஏழைகள் சிலரின் அபராதத்தைத் தம் பையிலிருந்தே கட்டியதும் உண்டு. 1824-இல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடி, பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதை முன்னின்று கூட்டிய ஆர்தர் புரூம் என்ற பாதிரியார், சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கே போனார். 1840-இல்தான் விக்டோரியா அரசி அதன் பெயருக்கு முன்னால் 'ராயல்' என்ற அரச அடைமொழி தந்தார். பெண் ஒருத்தியால் என்ன முடியும் என்று நினைத்தீர்களானால் எய்டா கோல் என்பவரைச் சொல்வேன். வேலை செய்து களைத்த பிரிட்டிஷ் குதிரைகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, கசாப்புக்கு அடித்து ஓட்டிச் செல்லப்படுவதை 1911-இல் கண்ணால் பார்த்தவர் அவர். விடாமல் போராடி 1927-இல் அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் பிராணிநலச் சட்டம். கொடிய வதைக்கு ஐந்தாண்டுச் சிறை வரை விதிக்கலாம் என்று 2021-இல் கடுமையாக்கினார்கள். கண்டதைத் தெரிவிப்பவர் எந்த நாட்டவர் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

இனி, உங்களைக் கலங்கவைத்த கடைசிச் சம்பவம். நவம்பரில் வேலைக்குப் போகும் வழியில், சாலையோரத்தில் ஒரு பெட்டைக்குதிரை கட்டியிருந்தது. கயிறு பின்னங்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, குளம்புக்கு மேலே தோல் உரிந்திருந்தது. தண்ணீர் இல்லை. வழியில் போனவர்கள் இரக்கப்பட்டு, வெட்டிய புல்லைக் குவியலாகப் போட்டிருந்தார்கள். புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து வந்த புல் சீக்கிரம் புளித்துவிடும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றுவலி கண்டு இறந்துபோகவும் கூடும். இரக்கத்தோடு வந்த அவர்களையும் நான் தடுத்துப் பேச வேண்டியிருந்தது. அடிப்பவனிடம் பேசுவதைவிட அது கடினம். கயிற்றை அறுக்க என் கை துடித்தது. அறுத்தால் குதிரை சாலைக்குள் ஓடும், மேலும் அது பிறர் உடைமை. ஆகவே எட்ட நின்று படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிராணிநல அமைப்பு ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தேன். அப்போதுதான் உரிமையாளன் வந்தான். "உன் நாட்டுக்குத் திரும்பிப் போ" என்று ஏசினான். சாலைக்கு எதிர்ப்புறம் கேட்கும்படி ஏசினான். நான் தோளருகே நின்றபடி, "இதன் பெயர் என்ன? பின்னங்காலைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். குனிந்து பார்த்தான். ஏசுவதை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிரித்தான். பிறகு அந்த அமைப்பிலிருந்து வந்த ஆய்வாளர் காயத்துக்கு மருந்து இட வைத்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்களுக்குத் தாமாகப் பிராணியைக் கைப்பற்றும் அதிகாரம் கிடையாது. நிலைமை முற்றினால் காவலரை அழைப்பார்கள்.

இரண்டு விஷயங்களில் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இருட்டிய பிறகு தனியாக யாரையும் நிறுத்திக் கேட்கமாட்டேன். குடித்திருப்பவனிடமும் பேசமாட்டேன், தொலைபேசியோடு நிறுத்திக்கொள்வேன். வேறு வாக்கு என்னால் தர முடியாது. பார்த்துக்கொண்டு கடந்து போனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பெட்டைக்குதிரை இப்போதும் அதே புல்தரையில்தான் நிற்கிறது. கயிறு மாறி, சுழலும் வளையத்தோடு சங்கிலி வந்திருக்கிறது. வாளி கவிழாமலிருக்கப் பழைய டயருக்குள் இறக்கி வைத்திருக்கிறான். நேற்றுக் காலையில் தண்ணீர் உறைந்து கிடந்தது. அவன் எனக்கு முன்பே வந்து, குதிகாலால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் பேசவில்லை. காலைச் சுட்டிக்காட்டினான், உரிந்த இடத்தில் புதிதாக முடி முளைத்திருந்தது.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை