பெருவிரல் அடியில் ஒரு சிவப்புக் கோடு

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. பார்சலைப் பிரித்ததும் முறுக்கு டப்பாவுக்கு மேலேயே இந்தக் கடிதம் இருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதி வைத்தால் கோபம் தணிந்த பிறகாவது படிப்பாய் அல்லவா?

ஏர் பிஸ்டல் பயிற்சியில் குறி தவறுகிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி நீ அழுதது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. "சுடுறதெல்லாம் பத்து பத்தாத்தாம்மா போகுது, திடீர்னு வலது ஓரமா, மூணு மணிப் பக்கம் ஒன்பது, எட்டுன்னு ஓடிருது. எல்லாரும் மைண்டுதான் பிரச்சினைங்கிறாங்க. எனக்கு மனசுல தெம்பு இல்ல போல." மூச்சுப் பயிற்சி ஆப் வேறு போனில் ஏற்றியிருக்கிறாயாம். செய்துகொள், கெடுதல் ஒன்றுமில்லை.

ஆனால் மறுநாள் காலையில், பனிமூட்டத்தில் டீ கிளாஸோடு நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்து அப்பா "பிள்ளை இளைச்சிட்டா" என்றார். என் கண் போனது உன் வலது கைக்கு. பெருவிரல் அடியில், சதை திரண்டிருக்கிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. ஆள்காட்டி விரலின் உள்பக்கத் தோல் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி மூன்று தடவை பார்த்தேன். மே மாதம் நீ இங்கிருந்து கிளம்பும்போது அந்த இரண்டு தடமும் உன் கையில் கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம், பாதுகாப்பு டியூட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ரிவால்வர் ஃபையரிங். பாயிண்ட் முப்பத்தெட்டு. ஆறு ரவுண்டு போட்டேன், ஆறும் இடது ஓரம். அதில் ரெண்டு குறி அட்டையிலேயே படவில்லை. இன்ஸ்ட்ரக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பயந்து சுடுற. கரண்டி பிடிச்ச கைக்கு இது சரிவராது." இருபத்தி மூணு வயசு எனக்கு. பயம்தான் காரணம் என்று நானே நம்பிவிட்டேன். ராத்திரியெல்லாம் தூங்காமல் பயத்தை எப்படி விரட்டுவது என்று யோசித்தேன். இல்லாத பயத்தை எங்கே போய் விரட்டுவது!

துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற ஆர்மரர் அண்ணன் ஒருத்தர், ரிடையர் ஆக ஆறு மாசம் இருந்தவர். மறுநாள் சிலிண்டரைத் திறந்து காலி என்று எனக்கும் காட்டிவிட்டு, "பிடிம்மா" என்று கையில் கொடுத்தார். குறி பார்க்கவெல்லாம் சொல்லவில்லை. என் கையை மட்டும் பின்னால் நின்று பார்த்தார். "உனக்கு டிரிகர் எட்டல. எட்ட வைக்கிறதுக்காகத் துப்பாக்கியக் கைக்குள்ளயே திருப்பிப் பிடிக்கிற. குழாய் ஒரு பக்கம் போகுது, முழங்கை ஒரு பக்கம் போகுது" என்றார். டபுள் ஆக்‌ஷனில், அதாவது ஒரே இழுப்பில் சுத்தியலைத் தூக்கிச் சுடவும் வைக்கும்போது, அந்த டிரிகரை இழுக்க நாலஞ்சு கிலோ பலம் வேண்டும். விரல் நுனி மட்டும் பட்டுக்கொண்டிருந்தால் நேர் பின்னால் எப்படி வரும்? பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். அவர் ஒரு பழைய தகரப் பெட்டியைக் குடைந்து, மெலிசான பிடிக்கட்டை ஒரு ஜோடி எடுத்து மாட்டினார். ரெண்டே ஸ்க்ரூ. விரலின் முதல் மடிப்பு டிரிகரில் வந்து உட்கார்ந்தது. அடுத்த ஆறில் ஒன்று கூட வெளியே போகவில்லை, எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். இன்ஸ்ட்ரக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான்.

உன் சங்கதி எனக்கு நேர்மாறு என்று நினைக்கிறேன். உன் பிஸ்டலின் வால்நட் பிடிக்கட்டையை நாம் எப்போது இழைத்தோம்? கத்திரி வெயிலில், திருச்சியில், மாடி ரூமில், ஃபேன் கூட இல்லாமல். எம்-சீல் பிசைந்து ஒட்டி, உப்புத்தாள் போட்டு, மூணு நாள். அந்தச் சூட்டில் கை பொதுவாகவே கொஞ்சம் உப்பியிருக்கும். நீ அங்கே டெல்லிக் குளிரில், ஜனவரியில் நிற்கிறாய். குளிரில் கை சுருங்கும், மோதிரம் கழன்று விழுகிற மாதிரி ஆகும். அப்போது கை கட்டைக்குள் ஆழமாகப் போய்விடுகிறது, விரல் டிரிகரைத் தாண்டி உள்ளே நீள்கிறது. நுனிச் சதை படவேண்டிய இடத்தில் மடிப்பு வந்து உட்கார்ந்து, இழுக்கும்போது பிஸ்டல் வாயை வலப்பக்கம் இழுத்துவிடுகிறது. பிடி தொளதொளவென்று இருப்பதால் உனக்கே தெரியாமல் இறுக்குகிறாய், அந்தச் சிவப்புக் கோடு அப்படி வந்ததுதான். இறுக்கினால் நடுக்கம் கூடும். மற்ற விரல்கள் அமுக்கும்போது ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நிதானமாக நகர முடியாது. தயிர்சாதம் பிசைந்து பார், ஒரு விரலை மட்டும் சும்மா வைக்க முடிகிறதா?

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எட்டு விழுமா என்பாய். கணக்குப் போட்டுப் பார். குறி பார்க்கிற உன் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 35 செ.மீ. அட்டை 10 மீட்டரில். முன் சைட், பின் சைட்டின் காடிக்குள் ஒரு பக்கமாக 0.3 மி.மீ. ஒதுங்கினால் போதும், அதாவது மூணு வெள்ளைத்தாள் கனம், அட்டையில் அது எட்டரை மி.மீ. தள்ளிப் போய் விழும். பத்து வளையத்தின் முழு அகலமே 11.5 மி.மீ.தான், நடுவிலிருந்து பார்த்தால் ஆறு மி.மீ. கூட இல்லை. 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலும் பத்துதான் என்கிற சலுகையைச் சேர்த்துப் பார்த்தாலும் எட்டரை என்பது ஒன்பதுக்குள் போய்விட்டது. ஆனால் கை முழுக்க அப்படியே, சைட் ரெண்டும் நேராக இருக்க, ஐந்து மி.மீ. ஆடினால் பெல்லட்டும் ஐந்து மி.மீ.தான் தள்ளும். அது பத்து. கை ஆடுகிறதே என்று நீ பயப்படுகிறாய். பயப்பட வேண்டியது மணிக்கட்டு திரும்புவதற்கு. அதைத் திருப்புவது பிடியும் விரலும்தான்.

சோதிக்கிற வழி உனக்கே தெரியும், ஆனால் டெல்லிக்குப் போனதிலிருந்து செய்திருக்க மாட்டாய். பெல்லட் இல்லாமல் பிஸ்டலை எடு. கண்ணை மூடு. எப்போதும் போலக் கையைத் தூக்கி நிறுத்து, அப்புறம் கண்ணைத் திற. முன் சைட் காடிக்கு நடுவில் தானாக வந்து நிற்கவேண்டும். பத்துத் தடவை செய், ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நோட்டில் குறி. ஏழெட்டுத் தடவை ஒரே பக்கம் ஒதுங்கினால் கட்டைதான் தள்ளுகிறது. ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி என்றால் பிடி தொளதொளப்பு. எனக்கென்னவோ உனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்தது, பார்சலில் கோகுல் சாண்டல் பவுடர் வைத்திருக்கிறேன், முகத்துக்கு இல்லை. கையில் லேசாகத் தடவிப் பிடித்து, விட்டுப் பார். கறுப்புக் கட்டையில் வெள்ளை எங்கே அப்பியிருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று தெரியும். ஆள்காட்டி விரல் பக்கத்துக் கட்டையில் வெள்ளை இருக்கவே கூடாது. அந்த விரல் டிரிகரை மட்டும்தான் தொடவேண்டும், மரத்தைத் தொட்டால் உரசிக்கொண்டு கோணலாக வரும்.

உடனே உப்புத்தாளைத் தூக்காதே, தயவுசெய்து. இழைத்த மரம் திரும்ப வராது. முதலில் கையைச் சூடு பண்ணு. வெந்நீர்ப் பையோ, கையுறையோ, சுடுகிற லைனுக்குப் போகிற நிமிஷம் வரை போட்டிரு. சூடான கையோடு அந்தச் சோதனையை மறுபடி செய். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் உள்ளங்கைக்குக் கீழே இருக்கிற தாங்கியை ஒரு நூல் மேலே ஏற்று. அமுக்கக்கூடாது, தொட்டால் போதும். அதன் கோணத்தில் கை வைக்காதே, 90 டிகிரிக்குக் கீழே வந்தால் போட்டிக்கு முன் நடக்கிற பிஸ்டல் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். அதுவும் பத்தாவிட்டால்தான் எம்-சீல், அதுவும் உள்ளங்கைக் குழியில் மட்டும், ஒரு தோசைக் கனத்துக்கு. உப்புத்தாள் 120-ம் 220-ம் வைத்திருக்கிறேன், எம்-சீலை வழவழப்பாக்க மட்டும்.

டிரிகரைக் கடைசியில் தொடு. நீ அதை இன்னும் லேசாக்கணும் என்று சொன்னாய், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிரிகரில் 500 கிராம் எடைக்கல் தொங்கினாலும் அது விடுபடக் கூடாது என்பது விதி, 25 மீட்டர் போட்டிக்குப் போனால் 1000. எத்தனை கிராம் என்பதைவிட, எங்கே விடும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அப்பா வண்டியில் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று அவர் கைக்குத் தெரியும், வேறு ஆள் ஓட்டினால் குதிக்கும், அது மாதிரி. டிரிகர் இழுப்பின் முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு வந்து, இரண்டாவது கட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு சுவரில் முட்டுகிற மாதிரி நிற்கவேண்டும். சுவர் தெளிவாக இருக்கணும். விறைத்த விரலுக்கு லேசான சுவர் தெரியவே தெரியாது, நீ தயாராகும் முன்னாலேயே வெடித்துவிடும். அங்கே இருக்கும்வரை இரண்டாவது கட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக வை. மொத்தம் 520, 530 இருந்தால் ஒன்றும் குடி முழுகாது, எடைக்கல் சோதனையிலும் நெஞ்சு அடிக்காது. விடுபட்ட பிறகு டிரிகர் எவ்வளவு தூரம் பின்னால் ஓடுகிறது என்றும் பார். பெல்லட் குழாயைத் தாண்டுவதற்குள் விரல் குதித்தால் அதுவும் அட்டையில் தெரியும்.

ஒரே நாளில் ரெண்டு மாற்றம் செய்யாதே. எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிடியை மாற்றினால் இத்தனை வருஷப் பழக்கமும் போய்விடுமே என்று பயப்படுவாய். ஹங்கேரியில் கரோலி டகாக்ஸ் என்று ஒரு ராணுவ ஆள். 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனது, சுடுகிற கை. இடது கையில் அ ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ராப்பிட் ஃபையர் என்கிற வேகமாகச் சுடும் பிஸ்டல் போட்டியில் தங்கம். உனக்கு நான் சொல்வது ஒரு தோசைக் கனம் எம்-சீல்.

மனசு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஃபைனலில் நிற்கும்போது அதுவும் வரும், அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சோதிக்கக்கூடியதை முதலில் சோதித்துவிடு. அப்படியும் மூணு மணிப் பக்கமே ஓடினால் சொல், நானும் உன்னோடு சேர்ந்து அந்த ஆப்பைப் போட்டு மூச்சு விடுகிறேன்.

பொங்கலுக்கு நீ இல்லாத வீடு வெறிச்சென்று இருந்தது. பாட்டி உன் பங்குக் கரும்பை எடுத்து வைத்து, அது காய்ந்தும் போனது. முறுக்கைப் பிள்ளைகளுக்கும் கொடு. எண்ணெய்க் கையோடு கட்டையைத் தொடாதே.

அடுத்த வாரம் டீ கிளாஸோடு இன்னொரு போட்டோ அனுப்பு. வலது கை தெரியணும்.

இப்படிக்கு,
அம்மா