தென்கிழக்கே திரும்பியிருந்த ஆன்டெனாக்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் 50 ஆண்டுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பு தொடங்கியதில் ஆரம்பித்து, 2000ஆம் ஆண்டுப் பொங்கலில் 'பொதிகை' என்று பெயர் பெற்றதையும், 2024 ஜனவரியில் அப்பெயர் 'டிடி தமிழ்' என மாறியதையும் கட்டுரையாளர் பிசகின்றிச் சொல்லிச் செல்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், 1975லேயே தமிழ்நாட்டு வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது என்ற பொருளில் அமைந்த பகுதியைப் படித்தபோது, காவிரியின் கடைமடையில் வாழும் என்னைப் போன்றவர்கள் ஒரு திருத்தம் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊர்ப்பக்கம் தொலைக்காட்சி வந்தது அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத்தான். வந்த திசையும் சென்னை அன்று.

நான் திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்தவன். என் தந்தையார் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நானும் அந்தக் கடையில் அமர்ந்தேன். ஆகவே இதில் நான் எழுதுவது பெரும்பாலும் கூரைமேல் ஏறிக் கற்றுக்கொண்டது.

அக்காலத் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. அனுப்பும் கோபுரமும் வாங்கும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக்கூடிய உயரத்தில் இருந்தால்தான் படம் தெளியும். சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பூமியின் வளைவு நடுவில் மறைத்துக்கொண்டிருக்க, எத்தனை உயரக் கம்பம் நட்டும் பயனில்லை. 1975க்குப் பிந்தைய ஆண்டுகளில், பட்டணத்துக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டு வியந்ததைத் தவிர, சென்னை நிலையம் எங்களுக்கு வேறொன்றும் ஆகவில்லை.

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த அந்த நிலையம் தொடக்கம் முதலே வண்ணத்தில் ஒளிபரப்பியது. அதன் முதன்மைக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நின்றது. எங்களுக்கு உதவியது இலங்கையின் வடக்கே கொக்காவிலில் இருந்த, அந்த ஒளிபரப்பை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அது ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான், அதிலும் ஒரு பெரும்பகுதி வெறும் கடல். இடையில் குன்றுமில்லை, கட்டடமுமில்லை. இந்தியாவும் இலங்கையும் ஒரே 625 வரி முறையைப் பின்பற்றியதால், சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளிலேயே இலங்கைப் படம் ஒரு மாற்றமும் செய்யாமல் வந்தது. வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் எனக் கரையோரம் முழுவதும் ஓட்டு வீடுகளின் பக்கத்தில் 40 அடி, 50 அடி உயரத்துக்கு ஜி.ஐ. குழாய்கள் எழுந்தன. அவற்றின் தலையில் வரிசையாகக் குழல்கள் கொண்ட யாகி ஆன்டெனா, அதனடியில் அலையின் வலுவைக் கூட்டும் பூஸ்டர், நான்கு புறமும் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி. எல்லா ஆன்டெனாக்களும் தென்கிழக்கே, கடலைப் பார்த்தே நின்றன.

கோடைக்கால இரவுகளில், கடற்காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும் வேளையில், படம் கண்ணாடி போல இருக்கும். கடலின் மேல் வெப்பக்காற்று ஓர் அடுக்காகப் படியும்போது அலைகள் மேலே சிதறிப் போகாமல் அந்த அடுக்குக்குள்ளேயே நெடுந்தொலைவு ஓடிவரும் என்பதைப் பிற்காலத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாலையில் அலையடிக்கும் சத்தம் குறைந்தால் இரவு படம் நன்றாக வரும் என்பது மட்டுமே. ஆடிக்காற்றில் கம்பம் திரும்பிக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒயருக்குள் தண்ணீர் இறங்கும். உப்புக்காற்றில் அலுமினியக் குழல்கள் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் பெட்டியின் முன் அமர்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று குரல் கொடுக்க, வாசலில் காத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் குரலை மாடிக்கு எட்டும்படி கடத்துவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நட்ட கம்பத்தின் உயரம், ஆன்டெனாவின் திசை, பூஸ்டர் உண்டா இல்லையா என்பதையெல்லாம் என் தந்தையார் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் நான் எழுதினேன்.

ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் வந்தன. புரியாத சிங்கள நிகழ்ச்சிகளையும் எங்கள் ஊர்ப் பெண்கள் விடாமல் பார்த்தார்கள். 1990 ஜூலையில் நடந்த போரில் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்ததோடு அந்த நிலையமும் அழிந்தது. எங்களுக்கு எட்டு ஆண்டுகள் படம் அனுப்பிய இடம் போர்ச்செய்தியில் ஒரு பெயராக வந்து நின்றதை நான் மறக்கவில்லை. 2011இல் அங்கே புதிய கோபுரம் எழுந்தபோது, எங்கள் பகுதியில் கம்பங்கள் அநேகமாக இல்லாமலே போய்விட்டன.

இனி நமது நிலையத்துக்கு வருகிறேன். 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணில் ஏறிய பிறகு, 1984ஆம் ஆண்டில் நாடெங்கும் குறைந்த சக்தி நிலையங்கள் வேகமாகத் திறக்கப்பட்டன. அவற்றின் சக்தி 100 வாட் அளவுதான். நகரத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மட்டும் படம் எட்டும். அதைவிடப் பெரிய குறை, அவை செயற்கைக்கோள் வழியாக வாங்கி அனுப்பியது டெல்லி நிகழ்ச்சியை என்பது. சென்னையின் தமிழ் நிகழ்ச்சி செயற்கைக்கோளில் ஏறுவதற்கு அப்போது வழியில்லை. ஆகவே தமிழ்நாட்டின் நடுவிலேயே அமைந்த அரசு நிலையம் இந்தியில் பேச, கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் கேட்டது. இந்த ஆண்டுகள் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்லாகவும் இடம்பெறவில்லை என்பதே என் முதன்மையான மனக்குறை.

இந்த நிலைமையை மாற்றியது கொடைக்கானல். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் மலைமீது அமைந்த உயர்சக்தி நிலையத்தின் பார்வை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வரை நீளும் என்பது கணக்கு. திருச்சி அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். தஞ்சாவூர் விளிம்பில் நிற்கும். 235 கிலோமீட்டரில் உள்ள எங்கள் ஊர் வட்டத்துக்கு வெளியே போய்விடும். இருந்தும் உயரமான கம்பமும் நல்ல பூஸ்டரும் உள்ளவர்களுக்குப் படம் புள்ளி புள்ளியாகவேனும் வந்தது. அந்த மாதங்களில் எங்கள் கடைக்கு ஓய்வே கிடைக்கவில்லை. வீடு வீடாகப் போய், தென்கிழக்கே பார்த்திருந்த ஆன்டெனாக்களை மேற்கே திருப்பினோம். சிலர் ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்களை மேலும் கீழுமாகப் பூட்டி, ஒன்றைக் கடலுக்கும் ஒன்றை மலைக்கும் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியையும் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்தையும் சென்னைக்காரர்களோடு ஒரே நேரத்தில் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

வேளாண்மை நிகழ்ச்சியான 'வயலும் வாழ்வும்' பற்றிக் கட்டுரையாளர் இரண்டு வரிகளில் கடந்துவிட்டார். டெல்டாவில் அது அப்படிக் கடந்துபோகக்கூடிய நிகழ்ச்சியாக இருக்கவில்லை. 1939 முதல் இயங்கும் திருச்சி வானொலி எங்கள் விவசாயிகளுக்குப் பயிர்ச் செய்தியைப் பழக்கியிருந்தது. ஆனால் புகையான் பூச்சி எப்படி இருக்கும், இலைச்சுருட்டுப் புழு இலையை எப்படி மடிக்கும் என்பதைக் காதால் கேட்டு அறிவதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. என் கடைக்கு வந்த ஒரு விவசாயி, நெல்லில் வரும் துங்ரோ நோயில் இலை மஞ்சளாகும் என்று சொல்கிறார்களே, என் பெட்டியில் எல்லா இலையும் சாம்பலாகத்தானே தெரிகிறது என்று கேட்டார். கருப்பு வெள்ளைப் பெட்டியின் குறையை அதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியல் நூலும் எனக்குச் சொன்னதில்லை. சம்பா அறுவடைப் பணத்தில் அவர் வண்ணப்பெட்டி வாங்கியதற்கு அதுவே காரணம் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின், கேபிள் வந்து கம்பங்களை இறக்கிய கதை எல்லா ஊருக்கும் பொதுவானது. தரைவழி ஒளிபரப்பும் 2022 மார்ச் இறுதியோடு நாட்டின் பெரும்பகுதியில் நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் வழியே கட்டணமின்றி டிடி தமிழ் கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது, கேபிள் கம்பிகள் அறுந்தன, செயற்கைக்கோள் ஆன்டெனாவான வட்டக் கிண்ணங்கள் பறந்தன, பல கிராமங்களில் மின்சாரம் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி வைத்திருந்தவரின் வீட்டு வாசலில்தான் ஊர் கூடியது. கைக்கெட்டும் தொலைவிலிருந்து வரும் ஒலிபரப்புக்கு இந்தக் கடற்கரையில் இன்னும் வேலை இருக்கிறது என்பதை முடிவெடுப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

தங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். சென்னை நிலையத்தின் பழைய நாடாக்களில், திருவையாறு ஆராதனை, எங்கள் மாவட்டத்து நாகசுரக் கலைஞர்களின் கச்சேரிகள், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் பங்கேற்ற வேளாண்மை நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் எவையெவை எஞ்சியுள்ளன என்று ஊர்வாரியாக ஒரு பட்டியலாவது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். காந்த நாடா ஈரத்தில் கெடக்கூடியது. சென்னையின் காற்றோ ஈரக்காற்று. நாடாக்களை எண்மமாக்கும் பணி நடந்துவருவது மகிழ்ச்சி தருகிறது என்றாலும், என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

இரண்டாவது, தங்கள் இதழுக்கானது. நிலையத்தின் வரலாற்றை அதன் படப்பிடிப்புத் தளத்திலிருந்து எழுதியது போலவே, படம் வந்து சேர்ந்த வீடுகளிலிருந்தும் எழுத ஏற்பாடு செய்யுங்கள். நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் அக்காலத்தில் ஆன்டெனா கட்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. என் தந்தையாரும் நானும் எழுதிய மூன்று குறிப்பேடுகள் கரையான் அரிக்காமல் என்னிடம் உள்ளன. முதல் குறிப்பேட்டில் 'தெ.கி.' என்று எழுதி, பின்னர் அடித்துவிட்டு 'மே.' என்று மாற்றிய பக்கங்கள் நிறைய உண்டு. தங்கள் செய்தியாளர் எவரேனும் வந்தால் அவற்றைப் படியெடுத்துக்கொள்ளலாம். நானும் உடனிருந்து வீடுகளை அடையாளம் காட்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கடைமடை வாசகன்,
திருத்துறைப்பூண்டி