மூலப்பொருள் தரவுக்கு ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயத் தொழிலுக்கான துணை ரசாயனங்களைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்களும் இப்போது ஃபார்முலா மென்பொருளுக்கு மாறிவருவதைப் பாராட்டித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர், துணி சீராக நனைய உதவும் வெட்டிங் ஏஜென்ட் போன்ற கலவைகளை உருவாக்கும் வேதியியலாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் பணியாற்றியவன் என்ற முறையில், அதில் சொல்லப்பட்ட நன்மைகள் உண்மையே என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், மென்பொருளை வாங்கி நிறுவியதுமே அபாயக் குறிப்புகள், லேபிள், ஏற்றுமதி விதிகள் ஆகியவை பற்றிய கவலை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அக்கட்டுரை ஏற்படுத்துகிறது. அந்த எண்ணத்தோடு வேலை செய்ததன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இத்தகைய மென்பொருள் செய்யும் வேலை எளிமையானது. கலவையில் எந்த மூலப்பொருள் எத்தனை சதவீதம் என்று கொடுத்தால், ஒவ்வொன்றின் அபாய வகையையும் தன் அட்டவணையிலிருந்து எடுத்து, ரசாயனங்களின் அபாயத்தை வகைப்படுத்த ஐக்கிய நாடுகள் சபை 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.எச்.எஸ். முறையின் வரம்புகளோடு ஒப்பிட்டு, லேபிளில் வர வேண்டிய படக்குறிகளையும் எச்சரிக்கை வாசகங்களையும், எஸ்.டி.எஸ். என்று நாங்கள் சொல்லும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாளையும் அது தயாரித்துத் தருகிறது. கூட்டல் கழித்தலில் அது பிழை செய்து நான் பார்த்ததில்லை. பிழை எல்லாம் அந்த அட்டவணையில்தான்.

அசிட்டிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். தோலை அரிக்கும் பொருள் ஒரு கலவையில் 5 சதவீதம் இருந்தாலே அக்கலவையும் அரிக்கும் வகையைச் சேர்ந்தது என்பது பொது வரம்பு. ஆனால் ரசாயனங்களின் வகைப்பாடு, லேபிள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சி.எல்.பி. விதிமுறை அசிட்டிக் அமிலத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. 25 சதவீதம் முதல்தான் அது அரிக்கும் வகை, 10 முதல் 25க்குக் கீழ் வரை எரிச்சலூட்டும் வகை. காஸ்டிக் சோடாவுக்கோ நேர்மாறாக 2 சதவீதத்திலேயே அரிக்கும் வகை தொடங்கிவிடுகிறது. இந்தத் தனி வரம்புகள் அட்டவணையில் ஏற்றப்படாவிட்டால், மென்பொருள் ஓரிடத்தில் வீணாக மிரட்டும். மற்றோரிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும். இரண்டாவது வகைப் பிழையைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீர் சார்ந்த எமல்ஷன்களில், அதாவது எண்ணெயை நுண்துளிகளாக நீரில் கலந்த கலவைகளில், பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் இருக்கப் பிரிசர்வேட்டிவ் சேர்ப்பது வழக்கம். அவற்றில் பரவலாகப் பயன்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் தோல் ஒவ்வாமையைக் கடுமையாகத் தூண்டக்கூடியது என்பதால், 0.0015 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு இருந்தாலே எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்ற தனி வரம்பு ஐரோப்பாவில் 2020 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் அட்டவணையிலோ பழைய 0.1 சதவீத வரம்பே நீடித்தது. எங்கள் சாஃப்ட்னரில் அந்தப் பொருள் 0.01 சதவீதம் இருந்தது. பழைய வரம்புக்கு அது பத்தில் ஒரு பங்குதான். புதிய வரம்புக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. லேபிளில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. எச்சரிக்கை இல்லாததால், கேன்களில் நிரப்பும் பிரிவில் இருந்த பெண்களுக்குக் கையுறை கட்டாயமாக்கப்படவும் இல்லை. அவர்களில் ஒருவருக்கு விரலிடுக்கில் தொடங்கிய அரிப்பு முழங்கை வரை பரவியபோது, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பல மாதங்கள் எல்லோரும் நினைத்தோம். தோல் மருத்துவர் ஒருவர், ‘அந்தக் கலவையில் என்ன பிரிசர்வேட்டிவ் போடுகிறீர்கள்?’ என்று கேட்ட பிறகே நான் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். சப்ளையர் புதிய எஸ்.டி.எஸ்.ஸை உரிய காலத்தில் அனுப்பியிருந்தார். அது கொள்முதல் பிரிவின் மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடந்தது. அதை ஏற்றுவது யார் வேலை என்று யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கலவையை வடிவமைத்தவன் நான் என்பதால், இதில் என் பங்கும் உண்டு.

அந்த ஐரோப்பிய விதி ஈரோட்டில் விற்கும் கேனைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சிலர் சொல்லக்கூடும். தோலுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

ஃபார்முலாவில் பெயரே இல்லாத பொருள்கள் இன்னும் சிக்கலானவை. சாஃப்ட்னரில் சேர்க்கும் அமினோ சிலிக்கோன் எண்ணெயில் டி4, டி5, டி6 எனப்படும் வளைய சிலோக்சேன்கள் தயாரிப்பின் எச்சமாகத் தங்கியிருக்கும். சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்ந்துவிடுபவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் ரசாயனச் சட்டமான ரீச்சின் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் 2018 ஜூனில் இம்மூன்றும் சேர்க்கப்பட்டன, கலவையில் 0.1 சதவீதம் இருந்தாலே எஸ்.டி.எஸ்.ஸில் குறிப்பிட வேண்டும். எண்ணெயில் டி4 0.6 சதவீதம் என்றும், எமல்ஷனில் அந்த எண்ணெய் 20 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், முடிவில் டி4 0.12 சதவீதம் ஆகிறது. அட்டவணையில் ‘அமினோ சிலிக்கோன் எண்ணெய்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? விலை குறைவு என்று வேறொரு சப்ளையரிடம் அதே பெயருள்ள எண்ணெயை வாங்கி, பழைய குறியீட்டிலேயே இருப்பில் சேர்ப்பது நம் பகுதியில் அன்றாடம் நடக்கிறது. அன்றோடு அந்த எண்ணெய் கலந்த எல்லாப் பொருள்களின் எஸ்.டி.எஸ்.ஸும் பொய்யாகிவிடக்கூடும். சப்ளையருக்குச் சப்ளையர் தனிக் குறியீடு கொடுப்பது அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும் தவிர்க்கவே முடியாதது.

சின்னச் சின்னக் காவல்களும் உதவும். ஒவ்வொரு ரசாயனத்தையும் அடையாளம் காட்டும் சி.ஏ.எஸ். எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது. தண்ணீரின் எண் 7732-18-5. கடைசி 5ஐ விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து முறையே 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அதன் கடைசி இலக்கமும் 5. தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்தச் சோதனையே பிடித்துவிடும். எக்செல் தாளில்கூட இதை எழுதிக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. போபால் விபத்துக்குப் பிறகு, தொழிலாளர்களுக்கு அபாயத் தகவலைத் தெரிவிக்கும் கடமை 1987இல் அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் பாதுகாப்புத் தரவுத் தாளையும் லேபிளையும் கோருகின்றன. என்றாலும் எங்கள் பகுதியில் எஸ்.டி.எஸ். என்பது வெளிநாட்டு பிராண்டின் தணிக்கையாளர் கேட்கும்போது எடுத்து நீட்டும் காகிதமாகவே இருக்கிறது. நான் பயன்படுத்திய மூன்று மென்பொருள்களிலும் எச்சரிக்கை வாசகங்களைப் பல ஐரோப்பிய மொழிகளில் அச்சிட வசதி இருந்தது. தமிழ் எதிலும் இல்லை. கேனைத் தூக்குகிறவர் படிக்க முடியாத லேபிள் எந்த விதிக்குப் பொருந்தினால் என்ன?

ஆகவே மென்பொருள் வாங்க எண்ணும் தொழில் முனைவோரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், மூலப்பொருள் அட்டவணைக்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தத் தேதியிட்ட எஸ்.டி.எஸ்.ஸிலிருந்து எடுத்த தரவு என்பது பதிவாகட்டும். ஒரு வரி மாறினால் அப்பொருள் கலந்த எல்லாக் கலவைகளும் மறுகணக்குக்கு வரும்படியும், பழைய லேபிள் அச்சாகாதபடியும் அமைத்துத் தருமாறு மென்பொருள் விற்பவரிடம் வற்புறுத்துங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இது தனியாகச் சுமக்க முடியாத வேலை என்பதை நான் அறிவேன். நம் பகுதித் தொழில் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, பொதுவாகப் பயன்படும் மூலப்பொருள்களுக்குச் சரிபார்த்த தரவையும், அவற்றுக்கான எச்சரிக்கை வாசகங்களின் தமிழ் வடிவத்தையும் உருவாக்கி உறுப்பினர்களுக்கு வழங்கலாம். ‘தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தலாம், கையுறை அணியவும்’ என்ற வரியிலிருந்து அந்த வேலையைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெருந்துறை.