ஆண்டறிக்கை: சகுனி கொடுத்த அட்வான்ஸ்

தலைவர் அவர்களுக்கும் கூத்து வாத்தியார்களுக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. நல வாரிய அட்டை புதுப்பிக்காதவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மழையில் பாதியில் நின்ற இரண்டு கூத்துக்கு இன்னும் பாக்கி வரவில்லை என்பதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் அதிகம் பேசப்பட்டது நம் செம்மரக் காட்சிதான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் பலர் 1989 வரை நம் வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். மரம் வெட்டப் போனவன் செத்தான். ஆள் பிடித்த மேஸ்திரியும் கட்டையைக் கப்பலேற்றியவனும் நம் மேடைக்கு வந்ததே இல்லை.

அதனால் பாரதக் கூத்தின் சூதாட்டக் காட்சியில் கை வைத்தோம். தருமர் பகடையைத் தொடும் நேரம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வருவான். கிரீடத்துக்கு ஒட்டும் ஜிகினாத் தாளையே ஒட்டிய அட்டைக் கோடாலி கையில். "மாமா, கட்டை வெட்ட ஆள் கேட்டியாமே, அட்வான்ஸ் இன்னா தருவ?" சகுனி தருமரைப் பார்த்தபடியே, "இவருக்கு நாலு தம்பி. நாலு கோடாலி ஆச்சு!" என்பான். முதல் ராத்திரி யாரும் சிரிக்கவில்லை. பயந்துபோனோம்.

ஓர் ஊரில் மைக்செட்டுக்குப் பணம் கொடுத்தவரே மேஸ்திரி. காட்சியை எடுக்கச் சொன்னார்கள், வாத்தியார் எடுத்துவிட்டார். எனக்கு இன்றுவரை அதில் சம்மதமில்லை. ஆனால் விடிந்ததும் வேடப்பெட்டியோடு அந்த ஊரைத் தாண்டி வரவேண்டியவர்கள் வாத்தியாரும் அவர் குழுவும், நான் அல்ல.

மலையில் ஆடியபோது, விடியற்காலை, அரிதாரம் கலைக்கும் இடத்துக்கு ஓர் அம்மா வந்தார். கட்டியங்காரன் சட்டையில் 50 ரூபாய் நோட்டைக் குத்தினார். "என் வூட்டுக்காரரு கடப்பா ஜெயில்ல கீறாரு. அவுருக்கு அட்வான்ஸ் குடுத்தவன் பேரையும் சேத்து சொல்லேன்யா" என்றார். பேரையும் அவரே சொன்னார். கட்டியங்காரன் என்னைப் பார்த்தான். நான் ஆர்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இனி வரும் கூத்துகளில் பேர் சொல்வதா, வேண்டாமா என்பதை இன்றைய பொதுக்குழு முன் வைக்கிறேன். அந்த 50 ரூபாய் வரவில் தனியாக எழுதப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்