யார் தீர்ப்பது? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் கிடைத்தது. குழந்தைப் பருவத்தில் நீ பெற்ற திருமுழுக்கு செல்லாது என்றும், விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் உன்னைச் சபையில் சேர்த்துக்கொள்ள முடியும் என்றும் உங்கள் போதகர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். திருத்தந்தை, ஆயர், மரபு என்று கத்தோலிக்கர் பேசுகிற எதற்கும் வேதத்தில் ஆதாரமில்லையே, இருந்தால் வசனத்தைக் காட்டுங்கள் அப்பா என்றும் கேட்டிருக்கிறாய். நீ கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. கேட்காமலே முடிவெடுத்திருந்தால்தான் வருந்தியிருப்பேன்.

வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன், விண்ணரசின் திறவுகோல்களை உன்னிடம் தருவேன் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னதை நீ அறிவாய் (மத்தேயு 16:18-19). பாறை என்பது பேதுருவா, அவருடைய அறிக்கையா, கிறிஸ்துவேயா என்ற வழக்கில் நான் இறங்கப் போவதில்லை. புனித அகுஸ்தினாரே தம் முதுமையில் பழைய எழுத்துகளைத் திரும்பிப் பார்த்தபோது, இரு விளக்கங்களையும் சொல்லி, பொருத்தமானதை வாசிப்பவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது திறவுகோல். எசாயா 22-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். தாவீதின் அரண்மனைப் பொறுப்பு செபுனாவிடமிருந்து பறிக்கப்பட்டு எலியாக்கிமுக்குத் தரப்படுகிறது. திறவுகோல் அவன் தோளில் வைக்கப்படுகிறது. அவன் திறந்தால் பூட்டுவார் இல்லை, பூட்டினால் திறப்பார் இல்லை. பொறுப்பாளன் அரசன் அல்லன். ஆனால் ஆள் மாறினாலும் பொறுப்பு நீடிக்கிறது. ஆண்டவர் பேதுருவிடம் பேசியபோது இந்தப் பகுதி அவர் மனத்தில் இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

அதே நேரத்தில், அந்த வசனம் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அதில் உரோமையின் பெயர் இல்லை. பேதுருவுக்குப் பின் யார் என்ற பேச்சும் இல்லை. திறவுகோலோடு பேதுருவுக்குத் தரப்பட்ட, கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதிகாரம் அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் மற்றச் சீடர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. இந்த ஒரு வசனத்தைக் கொண்டே இன்றைய வத்திக்கான் நிர்வாகம் முழுவதையும் நிறுவிவிடலாம் என்று மேடையில் முழங்குகிற நம்மவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பேதுருவைப் பற்றி நான் அடிக்கடி திரும்பிச் செல்வது லூக்கா 22-ஆம் அதிகாரத்துக்குத்தான். இறுதி இராவுணவுப் பந்தியிலேயே தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் சச்சரவிட்டுக்கொள்கிறார்கள். பிற இனத்து அரசர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது, தலைவர் தொண்டரைப்போல் ஆகட்டும் என்கிறார் ஆண்டவர். அந்தப் பேச்சு முடிந்த சற்று நேரத்தில் சீமோனைப் பார்த்து, உன் நம்பிக்கை தளராதிருக்க நான் மன்றாடினேன், நீ மனந்திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்கிறார். உடனே, சேவல் கூவுமுன் நீ என்னை மும்முறை மறுதலிப்பாய் என்கிறார். எச்சரிக்கை, பொறுப்பு, வீழ்ச்சி ஆகிய மூன்றும் பத்துப் பன்னிரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பொறுப்பைக் கொடுத்தவர் அதைப் பெறுகிறவன் வீழ்வான் என்று தெரிந்தே கொடுத்தார். ஆகவே திருத்தந்தையரில் சிலர் ஒழுக்கம் கெட்டு வாழ்ந்தார்களே என்று நீ அடுக்கியிருக்கும் பட்டியலை நான் மறுக்கப் போவதில்லை. வேண்டுமானால் இன்னும் சில பெயர்களைச் சேர்த்தே தருவேன். ஆனால் அந்தப் பட்டியல் பதவியைப் பொய்யாக்குவதில்லை.

கலாத்தியர் 2:11-ஐ உங்கள் போதகர் எடுத்துக் காட்டியதும் சரியே. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உண்பதிலிருந்து பின்வாங்கியபோது பவுல் அவரை முகத்துக்கு முகமாய் எதிர்த்தார். பேதுருவைக் கண்டிக்கலாம் என்பதற்கு இது சான்று. பேதுரு என்ற பொறுப்பே இல்லை என்பதற்குச் சான்றாகாது. திருத்தந்தை ஹொனோரியுஸ் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், 681-இல், ஆயர்கள் கூடிய மூன்றாம் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் தவறான போதனைக்காக அவரைக் கண்டனம் செய்தது. அந்தச் சங்கத்தை நாம் இன்றும் ஏற்றுக்கொள்கிறோம். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கத்தில் திருத்தந்தையின் தவறா வரம், அதாவது அவர் போதனையில் தவறமாட்டார் என்பது, பற்றிய விவாதம் நடந்தபோது, அதை எதிர்த்த ஆயர்கள் இதே ஹொனோரியுஸைத்தான் சுட்டிக் காட்டினார்கள். கடைசியில் அங்கே அறிக்கையிடப்பட்டதும் உங்கள் சபையில் சொல்லப்படுவது போன்றதன்று. திருத்தந்தை பாவம் செய்யார் என்றோ, அவர் வாய் திறந்தாலே அது சத்தியம் என்றோ அச்சங்கம் சொல்லவில்லை. அனைவருக்கும் மேய்ப்பர் என்ற முறையில், விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றி, திருச்சபை முழுவதும் ஏற்கவேண்டிய தீர்மானமாக அவர் வரையறுத்துக் கூறும்போது மட்டுமே அந்த வரம் பொருந்தும்.

இனி நீ கேட்ட கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தை, உனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்று நினைக்காமல், ஒரு வழக்கு விசாரணையைப் படிப்பதுபோல் படித்துப் பார். எருசலேமில் திருத்தூதரும் மூப்பரும் கூடுகிறார்கள். பிற இனத்திலிருந்து வந்தவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பதே வழக்கு. வேண்டும் என்றவர்களின் கையில் வசனம் இருந்தது. விருத்தசேதனம் என்றுமுள்ள உடன்படிக்கை, அதைச் செய்துகொள்ளாதவன் தன் மக்களிடமிருந்து விலக்கப்படுவான் என்று தொடக்க நூல் 17 ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. வேண்டாம் என்ற பவுலிடம் யாராவது "வசனத்தைக் காட்டு" என்று கேட்டிருந்தால், அவ்வளவு நேரடியான ஒரு வசனத்தை அவரால் காட்டியிருக்க முடியாது. என்ன நடந்தது? நெடுநேரம் வாதம் நடந்தது. பேதுரு எழுந்து, தூய ஆவியார் பிற இனத்தார்மேல் இறங்கியதைத் தாம் கண்டதைச் சொன்னார், கூட்டம் அமைதியாயிற்று. பர்னபாவும் பவுலும் தாங்கள் கண்டதை எடுத்துரைத்தார்கள். யாக்கோபு ஆமோசின் இறைவாக்கைச் சுட்டித் தம் முடிவைச் சொன்னார். ஆனால் அந்த இறைவாக்கில்கூட விருத்தசேதனம் என்ற பேச்சில்லை. பிறகு, தூய ஆவியாரும் நாங்களும் தீர்மானித்தோம் என்று மடல் எழுதினார்கள். அடுத்த அதிகாரத்தில், அந்தத் தீர்மானங்களைக் கடைப்பிடிக்குமாறு நகர் நகராகப் போய் ஒப்படைக்கிறவர் பவுலேதான்.

இதைத்தான் நான் கத்தோலிக்கத்தின் வேர் என்பேன். அந்தக் கூட்டம் வேதத்தைத் தள்ளிவிடவில்லை, அதன் பொருளைத் தீர்த்துச் சொன்னது. இங்கே ஒரு நேர்மையான மறுப்பும் உண்டு. உரோமையிலிருந்து பிரிந்து நிற்கும் கீழைத் திருச்சபையார் (ஆர்த்தடாக்ஸ்), எருசலேமில் பேசியது சங்கம்தானே, பேதுரு தனியாகத் தீர்ப்பளிக்கவில்லையே என்பார்கள். அது அற்பமான வாதமன்று. 1054 முதல் இன்றுவரை நமக்கும் அவர்களுக்கும் இடையே நிற்கும் பிளவில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியதே. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் பணியை எவ்வகையில் ஆற்றுவது என்பதைப் பற்றித் தம்மோடு உரையாட வருமாறு மற்றத் திருச்சபைத் தலைவர்களை அழைத்தார் என்பதையும் நினைவில் வை.

திருத்தூதர்கள் மறைந்தபின் என்ன ஆயிற்று? ஏறத்தாழ 96-ஆம் ஆண்டில், கொரிந்துச் சபையார் தங்கள் மூப்பர்களைப் பதவி நீக்கியபோது, உரோமைச் சபையிலிருந்து அவர்களுக்கு ஒரு நீண்ட மடல் போயிற்று. ஆயர் பதவியின் பெயரால் சச்சரவு எழும் என்று திருத்தூதர்கள் முன்னறிந்து, தாங்கள் நியமித்தவர்கள் இறந்தால் தகுதியுள்ள வேறு சிலர் அப்பணியை ஏற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள் என்கிறது அம்மடல். அதை எழுதியவர் உரோமை ஆயர் கிளமென்ட் என்பது மரபு. மடலில் அவர் பெயர்கூட இல்லை, சபையின் பெயரால்தான் பேசுகிறது. முழு வளர்ச்சி பெற்ற திருத்தந்தைப் பதவியை அங்கே தேடாதே. ஆனால் பொறுப்பு கைமாறித் தொடர வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருக்கிறது.

வேதம் மட்டுமே போதும் என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தெந்த நூல்கள் வேதம் என்ற பட்டியல் வேதத்துக்குள் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடியே குறிப்பிடும், நமக்குக் கிடைத்த முதல் பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய மடலில் இருக்கிறது. அதற்கு முன் எபிரேயர் மடலையும் திருவெளிப்பாட்டையும் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. திருச்சபை அந்நூல்களை உண்டாக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான் என்று உங்கள் போதகர் சொல்வார். முதல் வத்திக்கான் சங்கமும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. ஆனால் அடையாளம் கண்டதில் தவறவில்லை என்ற நம்பிக்கையை அவர் எங்கிருந்து பெறுகிறார் என்று நீ கேட்கலாம். மனிதர் மரபுக்காகக் கடவுளின் கட்டளையைக் கைவிடுவதை மாற்கு 7 கண்டிக்கிறது. நாங்கள் வாய்மொழியாகவோ மடல் வழியாகவோ கற்றுக்கொடுத்த மரபுகளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று 2 தெசலோனிக்கர் 2:15 சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நம் ஆள்களில் பலர் முதலாவதை வாசிப்பதில்லை. உங்கள் சபையில் இரண்டாவதை வாசிப்பதாகத் தெரியவில்லை.

இப்போது உன் திருமுழுக்கு. ஒருவர் பெற்ற திருமுழுக்கு செல்லுமா என்ற வழக்கு மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபையை உலுக்கியது. பிரிந்துபோன குழுக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் திரும்பி வந்தால் அவர்களுக்கு மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார் கார்த்தேஜின் ஆயர் புனித சிப்பிரியான். வேண்டாம், மரபாக வந்ததைத் தவிரப் புதிதாக எதையும் புகுத்தக் கூடாது, தலைமேல் கை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். 256-இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் சிப்பிரியானின் பக்கம் நின்றார்கள். எங்களில் எவரும் தம்மை ஆயர்களுக்கு ஆயராக ஆக்கிக்கொள்வதில்லை என்று அங்கே அவர் சொன்னது யாரை நோக்கி என்பது வெளிப்படை. பேதுருவின் இருக்கையைப் பற்றி அழகாக எழுதியவரும் இதே சிப்பிரியான்தான். அதனால்தான் இரு தரப்பாரும் அவரைத் தங்கள் சாட்சியாக அழைக்கிறார்கள். சண்டை முடிவதற்குள் ஸ்தேவான் 257-இல் இறந்தார். மறு ஆண்டு சிப்பிரியான் மறைசாட்சியாக வெட்டுண்டார். இருவரையும் நாம் புனிதர் என்றே வணங்குகிறோம். மேலைத் திருச்சபையில் நிலைத்தது ஸ்தேவானின் முடிவு. அதன் பயன் என்ன தெரியுமா? உங்கள் போதகரே நாளைக்குக் கத்தோலிக்கத்துக்கு வர விரும்பினால், அவர் தண்ணீரால் தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் முழுக்குப் பெற்றிருக்கும்வரை, நாம் அவருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடுக்க மாட்டோம்.

அவருடைய மறுப்பு வேறு என்பதை அறிவேன்; விசுவாசிக்கத் தெரியாத குழந்தைக்கு முழுக்கு எதற்கு என்கிறார். குழந்தைக்குக் கொடுத்ததாக வெளிப்படையான வசனம் இல்லை. வீட்டார் அனைவரும் பெற்றனர் என்ற செய்திகளே உள்ளன. ஆனால் வேதம் மட்டுமே என்று முழங்கிய சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் ஸ்விங்லியும் குழந்தைத் திருமுழுக்கை விடவில்லை. 1525 சனவரியில் சூரிக் நகரில் சிலர் துணிந்து மறுமுழுக்குப் பெற்றார்கள். அவர்களும் ஸ்விங்லியும் ஒரே வேதத்தைத்தான் வாசித்தார்கள். தீர்ப்பைச் சொன்னது நகர மன்றம். 1527 சனவரியில் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். கத்தோலிக்க அரசுகளும் அவர்களைப் போன்றவர்களை எரித்தன என்பதால் நான் சூரிக்கைக் காட்டி நம்மைத் தூயவராக்கப் பார்க்கவில்லை. வேதத்தின் பொருளைத் தீர்க்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று சொன்ன இடத்திலும் யாரோ ஒருவர் தீர்த்தே ஆகவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். உன் வழக்கில் தீர்க்கிறவர் உங்கள் போதகர்.

நான் தகப்பன் என்பதால் என் சொல்லுக்குக் கீழ்ப்படி என்று எழுதவில்லை. விசுவாசத்தைக் கட்டாயத்தால் கொடுக்க முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே வேதத்தை ஆர்வத்தோடு வாசிக்கக் கற்றுக்கொண்டாய். அதற்காக அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். முழுக்குக்கு நாள் குறிக்கும் முன் அவரிடம் ஒன்று மட்டும் கேள். உங்கள் முழுக்கும் வேதப்படி செல்லாது என்று நாளைக்கு வேறொரு போதகர், வேறொரு வசனத்தைக் காட்டிச் சொன்னால், உங்கள் இருவருக்கும் இடையே யார் தீர்ப்பது? அவர் சொல்லும் பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்கு எழுது. அதிலிருந்து மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா